மாற்றுத்திறனாளிக்கு வேலையில் பாகுபாடு: புகாரின் ஆயுள் 60 நாள்

செம்பனைத் தோட்டமொன்றில் பதினைந்து ஆண்டுகளாகக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு முற்றி வலது காலின் விரல்கள் எடுக்கப்படுகின்றன. சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் அலுவலகத்தில் கிராணி ஒரு கடிதத்தை நீட்டுகிறார். கடிதம் மலாயில் இருக்கிறது. "உடம்பு முடியலைன்னு நீங்களா நின்னுக்கிறதா எழுதியிருக்கு அண்ணே, சைன் பண்ணுங்க, ஒரு மாசச் சம்பளம் சேர்த்துத் தர்றாங்க" என்கிறார். அவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிறகு கோயில் தலைவரைப் பார்க்கிறார், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறார், சமூகநல இலாகாவில் ஓகேயூ அட்டைக்கு மனு செய்கிறார். நான்கு மாதம் கழித்து யாரோ சொல்லக் கேட்டு, பட்டணத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வந்து சேர்கிறார்.

இது எடுத்துக்காட்டுக்குச் சொல்லப்பட்ட ஆள்தான். ஆனாலும் தோட்டத்திலும் தாமானிலும் இப்படி ஒருவரை அறியாத குடும்பம் குறைவு.

மையத்தில் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது தேதி. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு பதிவாகியிருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. சனி, ஞாயிறு, தீபாவளி விடுமுறை எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். 61ஆவது நாளில் வரும் மனுவை இலாகா ஏற்க முடியாது. "தெரியாமல் போய்விட்டது" என்ற காரணமும் எடுபடாது. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமே என்று வாதாட வழி உண்டு. அதற்கும் இதே 60 நாள்தான்.

உடற்குறையைக் காட்டி ஒருவரை ஒதுக்கினால் அதைப் பாகுபாடு என்று வழக்காட வேண்டியதுதானே, பணிநீக்க மனுவுக்குள் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டத்தில் உள்ள ஓட்டையே இதற்குக் காரணம்.

நாட்டில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடப்புக்கு வந்தது. வேலை, கல்வி, போக்குவரத்து, பொது இடங்கள் எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று அது எழுதி வைத்தது. அந்த உரிமையை மீறும் முதலாளிக்கு என்ன தண்டனை என்று மட்டும் எழுதவில்லை. போதாததற்கு, அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் பிரிவும் அதிலேயே இருந்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவைப் புரட்டினால் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்று வரும். 2001இல் பாலினமும் சேர்ந்தது. உடற்குறை அந்தப் பட்டியலில் சேரவில்லை. மலேசியா 2010இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் நிலைமை அதுவே.

2023 ஜனவரி 1இல் புதிய கதவு ஒன்று திறந்தது. திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, வேலையிடப் பாகுபாடு குறித்துத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். 50,000 ரிங்கிட் வரை அபராதம் என்று அப்போது செய்திகளில் பெரிதாக வந்தது. அந்த அபராதம் யாருக்கு என்பதைக் கூர்ந்து படிக்க வேண்டும். பாகுபாடு காட்டியதற்காக நேரடியாக விதிக்கப்படுவதில்லை. இயக்குநரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாத முதலாளிக்குத்தான் அது. எது பாகுபாடு என்ற விளக்கமும் பிரிவில் இல்லை. வேலையில் இருந்துகொண்டே சம்பள உயர்வோ பதவி உயர்வோ மறுக்கப்படுகிறவருக்கு இந்தக் கதவு பயன்படும். வெளியே அனுப்பப்பட்டவருக்கு, மீண்டும் வேலையில் அமர்த்தக் கோருவதற்கும் 24 மாதம் வரை பின்சம்பளம் பெறுவதற்கும் 20ஆவது பிரிவே இன்னமும் பலமான வழி. அதனால்தான் மையத்தினர் பாகுபாட்டுப் புகாரைப் பணிநீக்க மனுவாக மாற்றி எழுதுகிறார்கள்.

அப்படி எழுதும்போது ஒரு சிக்கல் குறுக்கே வரும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. வேலை போனதும் வீட்டில் உள்ளவர்கள் சொக்சோ இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த ஓய்வூதியத்துக்கான தகுதி என்ன? சாதாரணமாக ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தன்னால் இனிச் சம்பாதிக்க முடியாது என்ற நிலை. ஒரு கையால் "என்னால் வேலை செய்ய முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறு கையால் "என்னால் முடியும், அநியாயமாக நிறுத்திவிட்டார்கள்" என்று மனுப் போட்டால், முதலாளியின் வழக்கறிஞர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். எந்தப் பாரத்தில் முதலில் கையெழுத்து என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். உண்மையிலேயே வேலை செய்ய இயலாதவருக்கு ஓய்வூதியமே நல்லது, வழக்கு வேண்டியதில்லை. எடைபோடும் இடத்திலோ நாற்றுப் பண்ணையிலோ உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலையைக் கேட்டும் கொடுக்கவில்லை என்றால் நிலைமை வேறு. கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப்பில் மண்டோருக்கு அனுப்பிய ஒரு குரல் பதிவுகூட உதவும். கைப்பேசி மாற்றும்போது அதைத்தான் முதலில் அழித்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

வேலையில் நடந்த விபத்து என்றால் கணக்கு மாறும். சொக்சோவின் தற்காலிக ஊனச் சலுகை பெறும் காலத்தில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது.

மனு பதிவானதும் இலாகாவில் சமரசக் கூட்டம் நடக்கும். அங்கே தொழிலாளியின் சார்பில் வழக்கறிஞர் பேச முடியாது. தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அவருக்கு இடம். ஆகவே சட்ட உதவி மையத்தின் உண்மையான வேலை கூட்டத்துக்கு முந்தைய நாளில் இருக்கிறது. என்ன கேட்பார்கள், எவ்வளவுக்கு ஒப்புக்கொள்ளலாம், எந்தத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லிப் பழக்க வேண்டும். முதல் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டவர் இரண்டாவதையும் அப்படியே செய்யக்கூடும்.

இங்கேதான் மையங்களின் குறையும் தெரிகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் வழக்கறிஞர்களின் சந்தாவிலும் தொண்டூழியத்திலும் நடப்பவை. புகாரைக் கேட்டு எழுதுவதில் பயிற்சி வழக்கறிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் பயிற்சி முடிந்ததும் போய்விடுவார்கள், அடுத்தவர் வருவார். கோப்பில் முதல் நாளே முழு விவரமும் ஏறாவிட்டால், கால் போன கதையை அந்த மனிதர் மூன்று பேரிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். காது கேளாதவர் வந்தால் மலேசிய சைகைமொழி தெரிந்தவர் வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் சைகைமொழியும் பழகிய பிள்ளைக்காக அம்மா பேசினால், அம்மாவின் புகார்தான் பதிவாகும், பிள்ளையின் புகார் பதிவாகாது. மின்தூக்கி இல்லாத கடைவீட்டு மாடியில் அலுவலகம் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருப்பவரை வரச் சொல்வதும் சரியல்ல. கீழே இறங்கி வந்து காப்பிக்கடையில் அமர்ந்து எழுதிக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் இவையெல்லாம் ஏற்கெனவே வேலையில் இருந்தவருக்கு. வேலை தேடிப் போகும் மாற்றுத்திறனாளியின் பாடு இன்னும் மோசம். 69எஃப் பிரிவு "தொழிலாளிக்கும் முதலாளிக்கும்" இடையிலான தகராறு பற்றியே பேசுகிறது. நேர்முகத் தேர்வில் ஊன்றுகோலைப் பார்த்ததும் "நாங்களே கூப்பிடுகிறோம்" என்று அனுப்பப்பட்ட பெண் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! அரசாங்கப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1 விழுக்காடு என்ற கொள்கை 1988 முதல் இருக்கிறது. தனியார் துறைக்கு அதுவும் கட்டாயமில்லை. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. உடற்குறையும் மனநலப் பாதிப்பும் அதன் பட்டியலில் உள்ளன. ஆனால் தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது விலக்கு அளிக்கிறது.

இங்கே அந்தப் பெண் சட்ட உதவி மையத்துக்கு வந்தால், நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடம் புகார் கொடுக்க உதவலாம். சுஹாகாம் விசாரிக்கும், பரிந்துரைக்கும். உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை.