சிரிக்கத் தெரிந்த பக்தி

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்த நேரத்தில், மலேசியாவின் ஏரா எஃப்எம் வானொலி அறிவிப்பாளர்கள் மூவர் நிலையத்துக்குள்ளேயே 'வேல் வேல்' என்று கத்தி, காவடியாட்டத்தைப் போல ஆடிச் சிரித்த காணொளி நாடெங்கும் பரவியது. புகார்கள் குவிந்தன. அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நிறுவனம் அவர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. இந்துக்களின் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் நம்மிடையே கிளம்பியது. சாமி விஷயத்தில் சிரிப்பே கூடாது, கோவில் வாசலில் செருப்போடு சிரிப்பையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்கிற பேச்சு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழரின் பக்தி சிரித்தே வளர்ந்தது. அந்தச் சிரிப்பைத் துறந்துவிட்டால் யாருடைய ஏளனத்திலிருந்தும் நமக்குப் பாதுகாப்பு கிடைக்காது. நம் கையிலிருக்கும் நல்ல பொருள் ஒன்று மட்டும் போய்விடும்.

நாம் பினாங்கில் யாரைக் கும்பிடுகிறோம் என்பதிலிருந்தே தொடங்கலாம். அங்கே தண்ணீர்மலைக் கோவிலுக்கு 513 படி ஏறி நாம் காணப் போவது முருகனாகிய தண்டாயுதபாணியை. அவன் ஏன் கையில் தண்டோடு மலைமேல் நிற்கிறான் என்று கேட்டால் எந்தப் பாட்டியும் சொல்லுவார். ஒரு மாம்பழம். உலகத்தை யார் முதலில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குப் பழம் என்று சொன்னதும் தம்பி மயிலேறிப் பறந்தான். அண்ணன் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த தம்பி கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டான். பழத்துக்காக வீட்டை விட்டுப் போன பிள்ளை. எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டை இது. கேட்கிற குழந்தை சிரிக்கும், சொல்லுகிறவரும் சிரிப்பார், கதை முடிந்ததும் இருவரும் கைகூப்புவார்கள். சிரித்ததால் கும்பிடு குறைந்துவிட்டது என்று யாரும் நினைத்ததில்லை. அவன் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி கோபித்துக்கொண்டவன் என்பதால்தான் அவனிடம் உரிமையோடு போய் நம் குறையைச் சொல்ல முடிகிறது.

இதெல்லாம் பாட்டி கதை, சாத்திரம் வேறு என்று சொல்லுவோர் பெரியபுராணத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். திருவாரூரில் ஏற்கெனவே மனைவி பரவையார் இருக்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். ஆனால் சன்னிதியில் சிவன் முன்னால் சத்தியம் செய்தால் அதை மீற முடியாது. எனவே சுந்தரர் சிவனிடமே போய், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொள்கிறார். சிவனும் சரி என்கிறார். சொன்னபடியே மரத்தடிக்கும் போகிறார். ஆனால் அதற்கு முன் சங்கிலியாரின் கனவில் தோன்றி, சன்னிதியில் வேண்டாம், மகிழமரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழியர் அதையே கேட்க, சுந்தரர் மாட்டிக்கொள்கிறார். கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, தோழனையும் வசமாகச் சிக்கவைத்து, பெண்ணுக்கும் நியாயம் செய்த கடவுள்! பின்னால் அந்தச் சத்தியத்தை மீறியதற்காகச் சுந்தரர் கண்பார்வையை இழக்கிறார். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. இதை எழுதிய சேக்கிழார் நாத்திகர் இல்லை. அந்த நூலைச் சைவர்கள் பன்னிரண்டாம் திருமுறையாக வைத்துப் பூசை செய்கிறார்கள். சிரிப்பும் சத்தியமும் தண்டனையும் ஒரே கதைக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் சரிந்துவிடும்.

வைணவர் பக்கமும் இப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் பங்குனி விழாவின்போது நம்பெருமாள் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார், தாயார் கதவைச் சாத்திவிடுவார், பெருமாளுக்கு அடி விழும், பிறகு சமாதானம். மட்டையடி உற்சவம் என்று அதற்குப் பெயரே உண்டு. திருவண்ணாமலையில் தை மாதத்தில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நடக்கிறது, அது நடக்கும் வீதிக்கே திருவூடல் தெரு என்று பெயர். மதுரையில் பிட்டுக்கு மண்சுமந்த கதையில் சிவன் கூலியாளாக வருகிறார், வந்தியிடம் பிட்டை வாங்கித் தின்கிறார், வேலையைச் செய்யாமல் படுத்துத் தூங்குகிறார், பிரம்படி வாங்குகிறார். இவை அர்ச்சகர்களும் ஓதுவார்களும் ஆண்டுதோறும் முறைப்படி நடத்துகிற, ஊர்கூடிப் பார்க்கிற திருவிழாக்கள். கடவுளைத் திட்டுவதுபோலப் புகழ்வதைக் காளமேகப் புலவர் ஒரு கலையாகவே ஆக்கிக் காட்டினார். நம் காலத்துக்கு வந்தால், 1965இல் வெளிவந்த திருவிளையாடல் படத்தில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது நாகேஷ் நடித்த தருமியைத்தான். வறுமையில் புலம்பும் புலவன் கடவுளிடமே நேருக்கு நேர் எகிறுகிறான், கேள்வி கேட்கிறான், பயந்து பின்வாங்குகிறான். பக்திப் படத்தின் உயிரான காட்சி அது. அதைப் பார்த்து யாருடைய பக்தி கெட்டது?

அண்டை வீட்டுக்காரர்களையும் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் சமையலறைத் தெய்வம் வானுலகுக்குப் போய் அந்த வீட்டைப் பற்றி அறிக்கை கொடுக்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை. அது கிளம்பும் முன் ஒட்டும் இனிப்பைப் படைத்து, வாயிலும் பூசிவிடுவது வழக்கம். நல்லதையே சொல்லட்டும், இல்லாவிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளட்டும். பயபக்தியும் குறும்பும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட படையல் அது. சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்காவைக் கட்டிய தமிழ் முஸ்லிம்களுக்கு முல்லாவின் கதைகள் தெரியும். தாடியும் தலைப்பாகையும் வைத்த ஒருவரின் அசட்டுத்தனத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இடைக்கால ஜெர்மனியில் ஈஸ்டர் திருநாளன்று பாதிரியார்கள் பிரசங்க மேடையிலிருந்தே வேடிக்கைக் கதை சொல்லி மக்களைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். நிலைத்து நின்ற மதம் எதுவும் சிரிப்புக்கு இடம் வைக்காமல் நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ஏரா எஃப்எம் அறிவிப்பாளர்கள் செய்ததிலும் தவறில்லையே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் என் வாதம் இந்தக் கேள்வியில்தான் நிற்க வேண்டும் அல்லது விழ வேண்டும். தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். அதில் எள்ளல் ஒன்று மட்டுமே. மழலைத்தனமும், அறியாமையும், சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெள்ளை மனமும் மற்றவை. மாம்பழக் கதையில் நாம் சிரிப்பது பிள்ளைத்தனத்தைப் பார்த்து. மகிழமரத்தடியில் சிரிப்பது, தன்னை மிஞ்சிய கெட்டிக்காரனிடம் ஏமாந்த வெள்ளை மனத்தைப் பார்த்து. வானொலி நிலையத்தில் நடந்தது வெறும் எள்ளல். அதுவும் யாரை எள்ளினார்கள்? முருகனையா? முருகன் தாங்குவான், அண்ணனிடம் தோற்றதையே தாங்கியவன். அவர்கள் நடித்துக் காட்டியது காவடி எடுத்தவரின் உடம்பை. பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர், 48 நாள் விரதமிருந்தவர், நாக்கில் வேல் குத்தியிருப்பதால் பதில்கூடச் சொல்ல முடியாதவர், வெறுங்காலோடு வெயிலில் நடப்பவர். அவர் தன்னை மறந்திருக்கும் ஒரு நிலையைக் குளிரூட்டிய அறைக்குள் நின்று நடித்துக் காட்டிச் சிரிப்பது கோழைத்தனம். கடவுளோடு விளையாடுவதற்கும் நேர்த்திக்கடன் சுமப்பவரை நையாண்டி செய்வதற்கும் இடையில் உள்ள தூரம் பெரியது. தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவும் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தைத்தான் குற்றமாக்குகிறது. சிரித்ததை அது குற்றமாக்கவில்லை.

இந்த எல்லைக் கோட்டை இனத்தை வைத்தும் போட முடியாது. பினாங்குத் தைப்பூசத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். முதல் நாள் வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காயை மலைபோலக் குவித்து வைத்து, மேலே ஊதுபத்தி செருகி, ரதம் நெருங்கியதும் கை ஓயும் வரை எடுத்து எடுத்து உடைப்பவர்களில் பெரும்பங்கு சீனர்கள். சிதறிய ஓட்டையும் தண்ணீரையும் மண்வாரி இயந்திரம் வந்து ஒதுக்கிய பிறகுதான் ரதம் நகர முடிகிறது. இத்தனை தேங்காயை வீணாக்க வேண்டுமா என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்டு வந்திருக்கிறது, கேட்பதும் சரியே. ஆனால் அந்தச் சாலையோரத்தில் ஓடு தெறித்துத் தாவிக் குதித்துத் தமிழரும் சீனரும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பில் யாரும் புண்படுவதில்லை. அங்கே நிற்பவர் எல்லாருமே அந்த வேண்டுதலுக்குள் இருக்கிறார்கள். உள்ளே நின்று சிரிப்பவர் எந்த மொழி பேசினாலும் அது வலிப்பதில்லை.

நாம் சிறுபான்மையினர், நாமே நம் சாமியைப் பற்றிச் சிரித்துப் பேசினால் அடுத்தவனுக்கு அது அனுமதிச்சீட்டு ஆகிவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். இந்த நாட்டில் மதம் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் அந்த மூவரின் செய்கையில் நம்முடைய கதை ஒன்றின் சாயல்கூட இல்லை. காவடியிலிருந்து அவர்களிடம் இருந்தது ஒரு முழக்கமும் ஓர் அசைவும் மட்டும்தான். வெறும் ஓசையாகவும் ஆட்டமாகவும் பார்க்கிறவருக்குக் காவடி விநோதமாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த ஓசைக்குப் பின்னால் கோபித்துக்கொண்ட ஒரு பிள்ளையும், அவனைத் தேடி மலையேறும் ஊரும் இருப்பதை ஒருமுறை சிரித்துக் கேட்டவர் பிறகு அதைக் கேலி செய்யக் கூசுவார். கதையை நாமே பூட்டி வைத்தால் வெளியே தெரிவது ஓசை மட்டும்தான்.

நம்மை நாமே சிரித்துப் பார்க்க வேண்டிய இடமும் இருக்கிறது. பினாங்கில் 1894 முதல் நகரத்தாரின் வெள்ளி ரதம் ஓடுகிறது. 2017இல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வேலைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஊருக்கு இரண்டு ரதம் கிடைத்தது பெரிய பேறு. ஆனால் எது முன்னே போவது, எப்போது கிளம்புவது என்ற பேச்சு வளர்ந்து நாளிதழ் வரை வந்தது. யார் முதலில் என்று இரண்டு பிள்ளைகள் போட்டி போட்டதில் பிறந்த கோவில் இது! இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதை நினைத்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்திருந்தால் பாதிச் சூடு அங்கேயே தணிந்திருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். தொல்காப்பியர் சொன்ன எள்ளலுக்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் உரை எழுதும்போது, பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பதையும் சேர்த்துச் சொல்கிறார். நிர்வாகக் குழுக்களும் பந்தல்காரர்களும், காவடியின் உயரத்தில் போட்டி போடும் இளைஞர்களும் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது சிரிப்பு.

பிள்ளைகளுக்குப் பயபக்தி போய்விடும் என்பவர்களுக்குத் திருமுருக கிருபானந்த வாரியாரைக் காட்டுவேன். 1993இல் மறையும் வரை முருகனைத் தவிர வேறு நினைப்பில்லாமல் வாழ்ந்தவர். அவர் சொற்பொழிவுக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிறுவர்கள்; அவர்களிடம் கேள்வி கேட்பார், வேடிக்கையாகப் பேசுவார், சரியாகச் சொன்னால் பரிசு கொடுப்பார். அவர் வளர்த்த பக்தியின் ஆழத்தைக் குறைசொன்னவர் இல்லை. இன்று நம் சமய வகுப்புகளில் தேவாரத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், மகிழமரத்தடியை மட்டும் விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் குறைபடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கணிப்பு.

தைப்பூசத்தன்று ஜாலான் உத்தாமாவிலும் ஜாலான் கெபுன் பூங்காவிலும் வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல் நிற்கிறது. ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று முந்த, எந்தப் பாட்டும் காதில் விழுவதில்லை. அதில் நாலைந்து பந்தலாவது மாலையில் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்திவிட்டு, மாம்பழப் போட்டியையும் வள்ளியிடம் கிழவனாக வந்து நின்றவனின் கதையையும் வில்லுப்பாட்டாகச் சொல்லலாம். தமிழில் சொல்லி, பக்கத்தில் நிற்பவருக்காக மலாயிலும் ஹொக்கியனிலும் ஒருவர் தொடரலாம். வானொலிகளையும் அழைக்கலாம், ஏரா எஃப்எம்மையும் சேர்த்தே. வாரியமும் நகரத்தாரும் சேர்ந்து தொடங்க வேண்டிய வேலை இது. மேடை, ஒலிபெருக்கி, கேட்பதற்குக் கூட்டம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.