பெரிய துரை பங்களாவில் ஒரு நாள்

சென்ற மாதம் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பங்களாவில் ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். முன்னர் பெரிய துரை குடியிருந்த இடம். இன்று உல்லாச விடுதி. "நாற்பது வருஷம் கந்தோரே கதி என்று இருந்திட்டீங்கள் அப்பா, ஒரு நாளாவது ஆறுதலாய் இருங்கோ" என்று வெளிநாட்டிலுள்ள மகன் பணம் கட்டியிருந்தான்.

உபசரிப்பில் குறையில்லை. நீராவிக் குளியல், மூலிகை எண்ணெய் மசாஜ், புல்வெளியில் தேநீர், சுற்றிவர ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும். வேலிக்கு அப்பால் கொழுந்து பறிக்கும் பெண்கள். அந்தக் காட்சியும் கட்டணத்தில் அடக்கம் போலும்! விருந்தினர் ஒருவர் கூடையை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கொழுந்து கிள்ளிப் படம் பிடித்துக்கொண்டார். அந்த 'அனுபவத்திற்கு' அவர் தனியாகப் பணம் செலுத்தினார். அதையே வாழ்நாள் முழுதும் செய்பவர்கள், நாட்சம்பளமாக 1,000 ரூபா கேட்டு 2015 இல் எழுப்பிய கோரிக்கை 2021 இல்தான் நிறைவேறியது.

எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட இளைஞனிடம், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"இந்தத் தோட்டந்தாங்க ஐயா. எங்க தாத்தா இந்தப் பங்களாவுலதான் அப்புவா இருந்தாரு."

"வீடு?"

"லயத்துலதாங்க. காணி கேட்டோம், தோட்டத்துல இடமில்லேன்னுட்டாங்க."

நான் படுத்திருந்த அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா ஒன்றைவிடப் பெரியது. வாகனத் தரிப்பிடத்தில் பல குடும்பங்களுக்கு வீடு கட்டலாம். இதற்கெல்லாம் இடம் கிடைத்தது எப்படி?

அரசு 1992 இல் தோட்ட நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்து, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. காணியின் சொந்தக்காரர் அரசே, அதாவது நாட்டு மக்களே. 1948 இல் குடியுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை அதன் மிச்சசொச்சத்துக்காகக் காத்திருந்த மலையக மக்களும் அந்த மக்களில் அடங்குவர். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று 2015 இல் அரசு சொன்னது. இந்த இளைஞனின் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை.

சுற்றுலா வேலைவாய்ப்புத் தருகிறதே என்பார்கள். தருகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை வேறு, காணி வேறு. வேலை கொடுத்தோம் என்று சொல்லியே இரு நூற்றாண்டுகளாக அம்மக்களைக் காணியற்றவர்களாக வைத்திருந்தோம். வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சத்தில் வாழ்பவன் கூலிக்காக வாதாட முடியுமா?

ஆகவே அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். தோட்டப் பங்களாவை விடுதியாக்க அனுமதி கோரி விண்ணப்பம் வந்தால், அத்தோட்டத்தில் எத்தனை குடும்பங்களின் கையில் காணி உறுதி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உறுதிகளைக் கொடுத்த பின்னர் அனுமதியைக் கொடுங்கள்.

விருந்தாளிக்கு ஒரு நாள் ஓய்வுக்கு இடம் தரும் மலை, அதைக் கொத்திப் பண்படுத்தியவனின் பேரனுக்கு ஏழு பேர்ச் தராதா?