மனு கொடுப்பவர்கள் கணக்குக் கேட்க வேண்டாமா?

2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நல விடுதிகளின் உணவுக் கட்டணத்தை உயர்த்தியது. பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 1,400 ஆனது. கல்லூரி மாணவருக்கு 1,100 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. முப்பதால் வகுத்துப் பாருங்கள். உயர்த்திய பிறகும் ஒரு பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு 47 ரூபாய்கூட இல்லை. அதுவும் மூன்று வேளைக்கு! மதுரையில் ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலை விற்கிறது என்பதை மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்து இங்கே தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொகை குறைவு என்பது ஒரு சிக்கல். அந்தக் குறைந்த தொகையாவது முழுதாகத் தட்டுக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது யார் என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

விடுதியைக் காப்பாளர் நடத்துகிறார். அவருக்கு மேலே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர். அவருக்கும் மேலே மாவட்ட ஆட்சியர். சென்னையில் ஒதுக்கப்படும் பணம் இந்தப் படிகளில் இறங்கி வருகிறது. "எல்லாம் சரியாக நடக்கிறது" என்ற அறிக்கை அதே படிகளில் ஏறிப் போகிறது. செலவு செய்கிறவர்களும் அதை மேற்பார்வை செய்கிறவர்களும் ஒரே ஏணியில் நிற்கிறார்கள். சாப்பிடுகிற பிள்ளைக்கும், அதை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் அந்த ஏணியில் இடமில்லை. தணிக்கை நடக்கும்தான். ஆனால் தணிக்கை ரசீதைப் பார்க்கும், சாம்பாரைப் பார்க்காது.

2025 ஜூலையில் பல துறைகளின்கீழ் இயங்கும் 2,739 அரசு விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டினார்கள். சாதிப் பெயர் பலகையிலிருந்து போனதை வரவேற்போம். ஆனால் சமூகநீதி என்பது பலகையில் எழுதும் சொல் மட்டும்தானா?

"நிதி இல்லை" என்று சொல்வார்கள். நிதி உண்டு, தோழர்களே. மக்கள்தொகையில் தலித்துகளின் பங்கு எவ்வளவோ, திட்ட நிதியில் அவ்வளவு பங்கை ஒதுக்க வேண்டும் என்பதுதான் 1979-80 முதல் நடைமுறையில் உள்ள சிறப்பு உட்கூறுத் திட்டம், பின்னாளில் துணைத்திட்டம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அந்தப் பங்கு 20 விழுக்காடு. இதைச் சட்டமாக்கும் வேலையை ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இலேயே செய்து முடித்தன. பெரியார் மண்ணுக்கு 2024 வரை பிடித்தது.

இடையில் என்ன நடந்தது? 2023-இல் துணைத்திட்ட நிதியிலிருந்து 1,500 கோடி ரூபாய்க்கும் மேல் மகளிர் உரிமைத் தொகைக்குத் திருப்பப்படுவதாகச் செய்தி வந்தது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. "அந்தத் தொகையைத் தலித் பெண்களும் வாங்குகிறார்களே" என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். வாங்குகிறார்கள், வாங்கவும் வேண்டும். ஆனால் மற்ற பெண்களுக்குப் பொது நிதியிலிருந்து வருகிற ஆயிரம் ரூபாய், தலித் பெண்ணுக்கு மட்டும் அவர் பிள்ளையின் விடுதிக்கும் படிப்புக்கும் உரிய நிதியிலிருந்து ஏன் வர வேண்டும்?

கணக்குக் கேட்கும் நாற்காலி நமக்குச் சட்டத்தில் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன் 17-ஆவது விதியைப் படியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணமும் மறுவாழ்வும் கிடைத்தனவா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று அது பார்க்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த, அரசுப் பதவியில் இல்லாத ஐந்து பேர் வரை அதில் உறுப்பினராகலாம். அந்த ஐந்து பேர் யார் என்று உங்கள் தெருவில் யாருக்காவது தெரியுமா? தெரியாதபடி வைத்திருப்பதில்தான் நிர்வாகத்தின் வசதி இருக்கிறது.

நமக்குத் தெரிந்ததெல்லாம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்பது. 1997 ஜூன் 30-உம் திங்கட்கிழமைதான். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில்தான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு சென்ற தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்று ஏன் அத்தனை வெறி? ஊராட்சியின் கண்மாய்க்கும் பொதுச் சொத்துக்கும் நிதிக்கும் இனி அவர்தான் கணக்குக் கேட்பார் என்பதால். மனு கொடுக்கும் தலித்தை ஆதிக்கச் சாதி சகித்துக்கொள்ளும். கணக்குக் கேட்கும் தலித்தைச் சகித்துக்கொள்ளாது.

அவர்கள் உயிர் கொடுத்து நிலைநிறுத்திய அந்த உரிமையும் இன்று என்ன ஆனது? மதுரை உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை ஒப்படைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தலித் தலைவரும் இல்லாத இடத்தில், மேலே சொன்ன ஏணி மட்டும்தான் மிச்சம்.

எனவே கோரிக்கையை மாற்றுவோம். "விடுதியைச் சரிசெய்யுங்கள்" என்பதோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு விடுதிக்கும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்பதை விடுதி வாசலிலேயே எழுதி வை என்று கேட்போம். மாணவரும் பெற்றோரும் பாதிக்கு மேல் உள்ள கண்காணிப்புக் குழு கேட்போம். துணைத்திட்டத்தில் நம் மாவட்டத்துக்கு வந்த தொகையை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்வோம்.

யாரோ தலைவர் வந்து செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு 10 ரூபாய் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். 17-ஆவது விதிப்படி மதுரை மாவட்டக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது, உறுப்பினர்கள் யார், கூட்டக் குறிப்பு எங்கே? இந்த மூன்று கேள்விகளை மட்டும் எழுதி இந்த வாரமே அனுப்புங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று ஊருக்கு ஒருவர் அனுப்பினால் போதும். பதில் வந்தால் அது ஆவணம். வராவிட்டால் அதுவும் ஆவணம்தான்.