பிச்சாவரமும் கடற்சாஸ்திரப் படிப்பும்

சிதம்பரம் தாலூகாவில் நிலமுடைய வீடுகளில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும், இன்ஜினீயர், டாக்டர் என்னும் இரண்டு பேச்சுகளே பெரும்பாலும் அடிபடுகின்றன. கடலையும் மீனையும் பற்றிய சாஸ்திரம் வலை வீசுவோர்க்கு உரியது, உழுவோர்க்கு ஒவ்வாதது என்று சொல்வாரும் உண்டு. அது சரியன்று.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் பரவியுள்ள பிச்சாவரம் காட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி. முன்னாளில் இக்காட்டைக் கூறு கூறாக வகுத்து அடியோடு வெட்டி வந்தனர். மரமிழந்த சேறு வெயிலில் உலர்ந்து அமுங்கிப் பள்ளமாயிற்று. உட்புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது, கன்று முளைக்கவில்லை. காரணம் ஆராய்ந்தறியப்பட்ட பின்னரே, 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் கிராமத்தாருடன் கூடி வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறியிறங்க வழிசெய்து, கண்டல் கன்றுகளை நட்டனர். வடிகாலற்ற வயல் உவர் பூப்பதைக் கண்ட குடியானவனுக்கு இதில் புதிது என்ன? அவன் வீட்டுப் பிள்ளைக்கு இச்சாஸ்திரம் பாதி தெரிந்ததே.

இறால் குஞ்சுகள் பல இக்கழிகளில் வளர்ந்தே கடல் திரும்புகின்றன. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தின் மிச்சம் வடிகால் வழியே இங்குதான் வந்து சேரும். ஆகவே நிலமுடையோர்க்கு இதில் பங்கில்லை என்பதற்கில்லை. கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துவதும் விதைநெல்லை உண்ணாது காப்பதையே ஒக்கும்.

கற்க வெகுதூரம் போக வேண்டுவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையிலேயே உள்ளது. மீன்வளத்தில் நான்காண்டுப் பட்டம் பெறத் தூத்துக்குடியில் 1977 முதல் கல்லூரி உண்டு. 2012-ல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. மாகாண மீன்துறையில் ஆய்வாளர் பதவியும், 1947-ல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி பதவியும் இப்படிப்பால் எய்தக்கூடியவை. இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. முழங்கால் சேற்றில் இறங்க மனமில்லாதவர் இதை நாடாதிருத்தலே நன்று. ஓதத்தின் போக்கைத் தோணிக்காரரிடம் கேட்டறியக் கூசும் பட்டதாரியால் கழிக்கும் பயனில்லை, அவர்க்கும் பயனில்லை.

அவ்வறிவைப் பிறந்த வீட்டிலேயே பெற்ற கிள்ளை, முடசல் ஓடைப் பிள்ளைகளும் பெண்களும் இப்படிப்புக்கு முதல் உரிமையுடையவர்கள். உயிரியலை விட்டு வேறு பிரிவெடுத்தால் மீன்வளப் பட்டத்துக்கு வழி அடைபடும் என்பதைப் பத்தாம் வகுப்பு முடியும்போதே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிராம அதிகாரிகள் சாதி, வருமானச் சான்றுகளை விண்ணப்பக் கெடுவுக்கு முன்னரே அவர்கள் கையில் சேர்ப்பித்தல் வேண்டும்.