எடையில்லாத மூட்டை

ஆறடி மனிதனை முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கினால் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நிற்பான். என் மேஜைமேல் அவ்வாறு நிற்கும் பிளாஸ்டிக் சிப்பாய், 1937-ஆம் ஆண்டு மாதிரியென்று பிரிட்டிஷ் இராணுவத்தில் பெயர்பெற்ற பருத்தி வார்களை, அதாவது வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் நம் மதராஸ் ஸாப்பர்கள் என்னும் பொறியாளர் படையினர் பூண்டிருந்த அதே வார்களை, அணிய வேண்டியவன். ஆனால் அச்சில் வார்த்தவர்கள் அவற்றை உடம்போடு ஒட்டிய தழும்புகளைப்போல விட்டிருந்தபடியால், எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டி எறிந்துவிட்டு, நானே செய்து பூட்டுவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

அளவு காண்பதில் சிரமமில்லை. இரண்டேகால் அங்குல இடுப்பு வார் 1.6 மில்லிமீட்டர், ஓரங்குலத் தோள் வார் 0.7. அசல் பருத்தியாயிற்றே என்ற விசுவாசத்தால் மெல்லிய ரிப்பனைக் கீறி மாட்டியபோதுதான் விபரீதம் விளங்கிற்று: தண்ணீர்ப் புட்டி இடுப்பில் தொங்காமல், விலாவை விட்டு விலகிக் காற்றில் நின்றது. நீளம் 35 மடங்கு குறையும்போது கனபரிமாணம் 42,875 மடங்கு குறைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் அரைத்துளியாகிவிடுகிறது. துணியின் விறைப்போ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆகவே, பாரம் இல்லாத இடத்தில் பாரத்தைக் கையால் கற்பித்தாக வேண்டும். வளைத்த வளைவில் அடங்கி நிற்கும் உலோகத் தகடே அதற்கு உகந்தது. மேல்நாட்டார் ஒரு காலத்தில் ஒயின் புட்டிகளின் கழுத்தைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை இதற்குப் போற்றினர். எனக்கு வாய்த்தது களிம்புக் குழாய். அதை அறுத்து, கழுவி, கரண்டியின் முதுகால் தேய்த்துச் சமனாக்கி, எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்துப் புது பிளேடால் ஒரே இழுப்பில் கீற வேண்டும். (களிம்பு தீருமுன்பே குழாயைக் கேட்டு நிற்பதால், என் முழங்கால் வலியின் மெய்ம்மையைப்பற்றி வீட்டில் சந்தேகம் எழுந்திருக்கிறது.) பக்கிளுக்கு, மின்கம்பிக்குள் இருக்கும் மயிரிழைச் செம்பைத் தட்டையான பிளாஸ்டிக் சீவலில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு பக்கம் நெடுகக் கீறிவிட்டால், பத்துப் பன்னிரண்டு சட்டங்கள் ஒரே அளவாக உதிர்கின்றன.

பூட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. பிரென் இயந்திரத் துப்பாக்கியின் இரண்டு தோட்டாப் பெட்டிகள் கொள்ளும்படி அமைந்த மார்புப் பை, நிறைந்திருந்தால் கீழே இழுக்கும். இழுபடும் வார் தோளில் அழுந்தும். அழுந்துமிடத்தில் சட்டை குழிந்து இருபுறமும் மடிப்பாகப் பிதுங்கும். அந்தப் பள்ளத்தை முன்னதாகவே பிளாஸ்டிக்கில் செதுக்கி வைக்காவிட்டால், எத்துணை நேர்த்தியான வாரும் சட்டைமேல் வரைந்த கோடாகவே தோன்றும்.

இவ்வளவும் செய்து, காக்கிப் பச்சை பூசி, துப்பாக்கியையும் அதன் வாரால் வலத்தோளில் மாட்டிய பிறகும் ஏதோ ஒன்று உறுத்திற்று. காய்கறிப் பையை நிறைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடிமுன் நின்றேன்: பை நழுவாதிருக்க அந்தத் தோள் என்னையறியாமல் உயர்கிறது, உடம்பு மறுபக்கம் சாய்கிறது. என் சிப்பாயோ, ஏறக்குறைய 4 கிலோ இரும்பையும் மரத்தையும் தாங்கியும், இரு தோளும் சமமாக நிற்கிறான். இதைத் திருத்த வேண்டுமானால் வார்களையெல்லாம் கழற்றி, இடுப்பில் அறுத்து, அவனைச் சாய்த்து ஒட்ட வேண்டும். பிளேடும் கையுமாக இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.