சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை அளப்பதும் அறிவிப்பதும்: நிலைப்பாட்டு அறிக்கை

ஒரு நாட்டுக்குள் வந்து அதன் பொருள் இருப்பைக் கூட்டுவது இறக்குமதி. வெளியே போய் அந்த இருப்பைக் குறைப்பது ஏற்றுமதி. சரக்கு வர்த்தகப் புள்ளிவிவரத்துக்காக ஐக்கிய நாடுகள் சபை 2010இல் வகுத்த வழிகாட்டு நெறிகளின் அடிப்படை இதுதான். இறக்குமதி மதிப்பு ஏற்றுமதி மதிப்பைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவும் வர்த்தகப் பற்றாக்குறை. வழியில் கடந்து போகும் சரக்கு இந்தக் கணக்கில் சேராது. இந்தியத் துறைமுகங்களுக்குப் போக வேண்டிய கண்டெய்னர்கள் கொழும்பில் கப்பல் மாறுகின்றன. துறைமுகத்துக்கு அதில் வருமானம் உண்டு, இலங்கையின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கில் அந்தச் சரக்குக்கு இடமில்லை. மத்திய வங்கிகள் இருப்புக்காக வாங்கும் தங்கமும் அப்படியே. நகைக்கடைக்குப் போகும் தங்கமோ சரக்குக் கணக்கில் சேரும்.

இந்தியாவில் 2024-25 நிதியாண்டின் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,740 கோடி டாலர், இறக்குமதி சுமார் 72,020 கோடி டாலர், பற்றாக்குறை சுமார் 28,280 கோடி டாலர். மாதந்தோறும் 15ஆம் தேதியையொட்டி மத்திய வர்த்தக அமைச்சகம் முந்தைய மாதக் கணக்கை வெளியிடுகிறது. அதிலிருந்து ஒரே ஓர் எண் தலைப்புச் செய்தியாகிறது. ரூபாயின் மதிப்பு, இறக்குமதி வரி, பிற நாடுகளுடனான பேச்சுவார்த்தை எல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே பேசப்படுகின்றன. இதுகுறித்து இவ்வறிக்கையின் நிலைப்பாடு வருமாறு: பற்றாக்குறை எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது, அதற்குள் என்ன இருக்கிறது, முன்பு சொன்னது எவ்வளவு திருத்தப்பட்டது என்ற விவரங்கள் இல்லாமல் அந்த எண்ணைத் தனியாக அறிவிக்கக் கூடாது. அதை மட்டும் வைத்து நாட்டின் பொருளாதார நலத்தை எடைபோடுவதும், இன்னொரு நாட்டின் மீது வரி விதிப்பதும் தவறு.

கணக்கு தொடங்கும் இடம் சுங்கத்துறை. சென்னைத் துறைமுகத்தில் ஓர் இயந்திரம் வந்து இறங்குகிறது என்றால், இறக்குமதியாளர் சார்பில் கிளியரிங் ஏஜென்ட் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்கிறார். எட்டு இலக்கச் சரக்குக் குறியீடு, எந்த நாட்டில் உற்பத்தியானது, எடை, இன்வாய்ஸ் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் உண்டு. ஏற்றுமதிக்கு இதேபோல் ஷிப்பிங் பில். இவை மின்னணு வழியாகத் திரண்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட வர்த்தகப் புள்ளிவிவரத் தலைமை இயக்குநரகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. தேசியக் கணக்கு என்பது இப்படிப்பட்ட லட்சக்கணக்கான படிவங்களின் கூட்டுத்தொகை. ஒரு படிவத்தில் குறியீட்டை மாற்றி எழுதினாலும் விலையைக் குறைத்துக் காட்டினாலும் அது மேலே வரை போகும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை என்பது பலரும் கவனிக்காத விஷயம். ஏற்றுமதிக்குக் கப்பலில் ஏற்றிவிட்ட நிலையிலான விலை, அதாவது எஃப்ஓபி. இறக்குமதிக்கு அதோடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலை, அதாவது சிஐஎஃப். உள்ளே வருவதை வண்டிச் சத்தத்தோடும் வெளியே போவதை வண்டிச் சத்தம் இல்லாமலும் எழுதி வைத்து, இரண்டையும் கழித்து விடை காண்கிறார்கள். பிற பல நாடுகளும் இப்படித்தான் செய்கின்றன, அதனால் இதை இந்தியாவின் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் இதன் விளைவு சிறியதல்ல. கப்பல் கட்டணம் எவ்வளவு என்று உறுதிசெய்ய முடியாதபோது எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தைக் கட்டணமாகவும், காப்பீடு தெரியாவிட்டால் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள். ஒரு லட்சம் டாலர் இயந்திரம் அந்த விதிப்படி 1,21,125 டாலராகப் பதிவாகும். வரி வசூலுக்கு இது வசதியான ஏற்பாடு. வர்த்தகத்தின் அளவைச் சொல்வதற்கு அவ்வளவு பொருத்தமில்லை.

செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கியபோது கட்டணம் ஏறியது. ஒரு பெட்டி சரக்குகூட அதிகம் வராமலே இறக்குமதி மதிப்பு அந்த அளவுக்கு ஊதும். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி இந்தியக் கப்பல் நிறுவனத்துக்கே போனாலும் அதுவும் இறக்குமதியாகவே எழுதப்படுகிறது. எனவே மாதாந்திர அறிக்கையில் சிஐஎஃப் மதிப்புக்குப் பக்கத்திலேயே எஃப்ஓபி அடிப்படையிலான இறக்குமதி மதிப்பும் தரப்பட வேண்டும். அதற்கான தகவல் பில் ஆஃப் என்ட்ரியிலேயே இருப்பதால், புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவைப்படாது.

எண்ணைக் காட்டிலும் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 நவம்பர் தங்கக் கணக்கே போதும். அந்த மாதத் தங்க இறக்குமதி 1,486 கோடி டாலர் என்றும், மொத்தப் பற்றாக்குறை 3,784 கோடி டாலர் என்றும் டிசம்பர் நடுவில் அறிவிக்கப்பட்டது. அதுவரை எந்த மாதமும் அவ்வளவு பற்றாக்குறை கண்டதில்லை. அந்த நாட்களில் ரூபாய் சரிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. சில வாரங்களில் தங்க எண் 984 கோடி டாலராகத் திருத்தப்பட்டது. ஏறத்தாழ 500 கோடி டாலர் தங்கம் வரவே இல்லை. சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் தரவைத் தனித் தளத்திலிருந்து சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்துக்கு மாற்றும் பணியின்போது ஒரே சரக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்து இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. மண்டலத்துக்குள் வந்து இறங்கும்போது ஒரு பதிவு, அங்கிருந்து உள்நாட்டுச் சந்தைக்கு வெளியேறும்போது இன்னொரு பதிவு என்று இருக்கும் இடங்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

பிழை நேர்ந்ததைவிட, அது எப்படி வெளிப்பட்டது என்பதே கவலைக்குரியது. முதல் அறிவிப்பு ஊரறிய வந்தது. திருத்தமோ இயக்குநரகத்தின் தரவுத் தளத்தில் எண்கள் மாறியிருப்பதை மற்றவர்கள் கவனித்த பிறகே பேசப்பட்டது. முதல் மதிப்பீட்டில் தவறு வருவது இயல்பு. எந்த நாட்டின் புள்ளிவிவர அலுவலகமும் அதற்கு விலக்கல்ல. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் மதிப்பீடு, அடுத்தடுத்த திருத்தங்கள், அவற்றின் காரணம் ஆகியவை ஒரே அட்டவணையில் வரிசையாகத் தெரிய வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறும் சரக்குகளுக்குத் தனி விளக்கக் குறிப்பும் வேண்டும்.

தங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த மாதமே பதிவான தங்க இறக்குமதி 1,000 கோடி டாலரைத் தொட்டது. விலை குறைந்ததால் வாங்குவோர் கூடினர், பண்டிகைக் காலமும் நெருங்கியது. ஆனால் வரி அதிகமாக இருந்தபோது கடத்தலாக வந்துகொண்டிருந்த தங்கத்தில் ஒரு பங்கு சட்டப்படியான வழிக்கு மாறியதும் அந்த உயர்வுக்குள் இருக்கிறது. முன்பு கணக்கில் வராதது இப்போது வருகிறது, அவ்வளவே. நாடு செலவழித்த டாலர் அதே விகிதத்தில் கூடிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது.

எண்ணெயும் தங்கமும் சேர்ந்து 2024-25 இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கு. கச்சா எண்ணெய், பெட்ரோலியப் பொருள்கள் சுமார் 18,580 கோடி டாலர். தங்கம் சுமார் 5,800 கோடி டாலர். எண்ணெயின் விலை ஏறினாலே பற்றாக்குறை விரியும், ஒரு பேரல் கூடுதலாக வாங்காமலே. மறுபக்கம், ஜாம்நகர் போன்ற சுத்திகரிப்பு ஆலைகள் அதே கச்சா எண்ணெயை டீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாற்றி ஏற்றுமதி செய்கின்றன; சூரத்தில் இறக்குமதியான கச்சா வைரம் பட்டை தீட்டப்பட்டு வெளியேறுகிறது. எண்ணெயும் தங்கமும் வைரமும் இல்லாத தொகைகளையும் அமைச்சகம் ஏற்கெனவே வெளியிடுகிறது என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அவை அறிக்கையின் உள்பக்கத்தில் இருக்கின்றன. விலை மாற்றம் எவ்வளவு, அளவு மாற்றம் எவ்வளவு என்ற பிரிப்போடு அவை முதல் பக்கத்துக்கு வர வேண்டும்.

சரக்கு மட்டுமே நாட்டின் வெளிக்கணக்கு ஆகிவிடாது. மென்பொருள் உள்ளிட்ட சேவை ஏற்றுமதியும், வெளிநாடுகளில் வேலை செய்வோர் வீட்டுக்கு அனுப்பும் பணமும் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பிய தொகை மட்டும் 2024-25இல் 13,500 கோடி டாலரைத் தாண்டியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2,330 கோடி டாலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம். முந்தைய ஆண்டில் அது 2,600 கோடி டாலர். சரக்குப் பற்றாக்குறை நான்காயிரம் கோடி டாலருக்கு மேல் கூடிய அதே ஆண்டில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை குறைந்திருக்கிறது. முதல் எண்ணை மட்டும் படித்தவருக்கு இந்தச் செய்தி எட்டாது.

பற்றாக்குறை குறைந்தாலே நல்லது என்ற எண்ணமும் சோதிக்கப்பட வேண்டியது. கொரோனா ஆண்டான 2020-21இல் இந்தியாவின் சரக்குப் பற்றாக்குறை சுமார் 16,100 கோடி டாலரிலிருந்து 10,300 கோடி டாலருக்குச் சரிந்தது. நடப்புக் கணக்கில் உபரியே வந்தது. தொழிற்சாலைகளும் கடைகளும் மூடிக் கிடந்ததால் வாங்க ஆளில்லை என்பதே அதன் பொருள். இலங்கையில் 2021இல் சுமார் 810 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை 2022இல் சுமார் 520 கோடி டாலராகக் குறைந்தது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. கையில் டாலர் இல்லாததால் இறக்குமதி சுருங்கியதை முன்னேற்றம் என்று எந்த அட்டவணையும் சொல்லக் கூடாது.

அதற்காகப் பற்றாக்குறையைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பதும் சரியல்ல. வெளியே போகும் டாலருக்கு எங்கிருந்தாவது டாலர் வந்தாக வேண்டும். 1991இல் இந்தியாவின் அந்நியச் செலாவணி கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தபோது, ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் அளவுக்கு வெளிநாட்டுக்கு அடமானமாகப் போனது. பற்றாக்குறை எவ்வளவு என்பதோடு, அது எப்படி ஈடுகட்டப்படுகிறது என்பதையும் ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும் என்று கோருவதற்கு இதுவே காரணம்: நீண்டகால முதலீட்டால் ஈடுகட்டப்படுகிறதா, குறுகியகாலக் கடனாலா, கையிருப்பைக் கரைத்தா?

இரு நாடுகளுக்கு இடையிலான பற்றாக்குறை இன்னும் வழுக்கலான எண். 2021இல் இந்தியாவுக்கு சுமார் 9,750 கோடி டாலர் சரக்கு அனுப்பியதாகச் சீனச் சுங்கத்துறை சொன்னது. இந்தியக் கணக்கில் சீனாவிலிருந்து வந்தது அதைவிட ஏறத்தாழ 1,000 கோடி டாலர் குறைவு. கப்பல் கட்டணம் சேர்வதால் இந்திய எண் அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? மூன்றாம் நாடு வழியாக வரும் சரக்கு, ஓர் ஆண்டில் கிளம்பி அடுத்த ஆண்டில் சேரும் சரக்கு என்று சில விளக்கங்கள் உண்டு. வரியைக் குறைக்க இன்வாய்ஸில் விலையைக் குறைத்துக் காட்டுவது மற்றொன்று. மூன்றாம் நாடு வழியாகப் போகும் சரக்குக்கு மேற்கில் எடுத்துக்காட்டு நெதர்லாந்து: இந்தியப் பெட்ரோலியப் பொருள்கள் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குப் பிரிந்து போகின்றன, இந்தியக் கணக்கிலோ அந்தச் சிறு நாடு மிகப்பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாகத் தெரிகிறது.

ஒரே பொருளில் பல நாடுகளின் உழைப்பு கலந்திருக்கும்போது மொத்த மதிப்பு மேலும் திசைதிருப்பும். 2009இல் அமெரிக்காவுக்குச் சீனா அனுப்பிய ஐபோன் ஒன்றின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனத் தொழிலாளர்கள் பாகங்களைக் கோத்ததற்கான பங்கு 6.50 டாலர் என்று ஆய்வாளர்கள் சிங்கும் டெட்டர்ட்டும் கணக்கிட்டார்கள். அமெரிக்கக் கணக்கில் 179 டாலரும் சீனாவின் பெயரில் ஏறியது. இன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலிருந்து போகும் ஐபோனுக்கும் இதே கேள்வி பொருந்தும். இந்தியாவின் 2024-25 ஸ்மார்ட்போன் ஏற்றுமதி சுமார் 2,400 கோடி டாலர். உள்ளே வந்த பாகங்களின் மதிப்பைக் கழிக்காமல் அதை இந்திய உற்பத்தியின் வெற்றி என்று கொண்டாடுவதும், பாகங்களின் இறக்குமதியை மட்டும் எடுத்துப் புலம்புவதும் பாதிக் கணக்கு.

இந்தப் பாதிக் கணக்கு வரியாக மாறுவதை 2025 ஏப்ரல் 2இல் உலகம் பார்த்தது. அமெரிக்கா அறிவித்த பதிலடி வரிகளின் அடிப்படை, ஒவ்வொரு நாட்டுடனும் தனக்கிருந்த சரக்குப் பற்றாக்குறையை அந்த நாட்டிலிருந்து செய்த இறக்குமதியால் வகுத்து, பாதியாக்கியது. சமன்பாட்டில் இரண்டு கிரேக்க எழுத்துகளும் இருந்தன. அவற்றுக்குத் தந்த மதிப்புகள் 4, 0.25. பெருக்கினால் 1, ஆகவே அவை அலங்காரம். இந்தியாவிலிருந்து 2024இல் இறக்குமதி சுமார் 8,740 கோடி டாலர், பற்றாக்குறை சுமார் 4,570 கோடி டாலர்: 52 சதவீதம், அதில் பாதி 26. இலங்கையிடமிருந்து சுமார் 300 கோடி டாலர், பற்றாக்குறை சுமார் 260 கோடி: 88 சதவீதம், அதில் பாதி 44. பெருமளவு ஆயத்த ஆடை விற்று, அமெரிக்காவிடம் குறைவாகவே வாங்கும் ஒரு சிறு நாட்டுக்கு இந்தியாவைவிடக் கடுமையான வரி. இலங்கை என்ன வரி விதிக்கிறது என்பது அந்த வகுத்தலில் எங்கும் இல்லை. சேவைகளும் இல்லை, அமெரிக்காவுக்கு உலகத்தோடு ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் அளவில் உபரி கிடைப்பது அங்கேதான். விகிதங்கள் பின்னர் பலமுறை மாறின. அளக்கும் முறையைப் பொருளியலாளர்கள் பலர் கேள்விக்குள்ளாக்கினர்.

இருதரப்புப் பேச்சுவார்த்தைக்குப் போகும் இந்தியக் குழு மூன்று கணக்குகளை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று இவ்வறிக்கை கேட்டுக்கொள்கிறது. இரு நாட்டுச் சுங்கத்துறைகளின் எண்களும் எங்கெங்கே, ஏன் வேறுபடுகின்றன என்ற ஒப்பீடு முதலாவது. சேவைகளையும் சேர்த்த இருதரப்பு நிலை இரண்டாவது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2013 முதல் வெளியிட்டு வரும் மதிப்புக்கூட்டல் அடிப்படையிலான வர்த்தகத் தரவு மூன்றாவது. இந்தக் கடைசித் தரவு சில ஆண்டுகள் பின்தங்கியே வரும் என்பதால் அது எந்த ஆண்டுக்குரியது என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுத வேண்டும். சீனாவுடனான ஒப்பீட்டை இவற்றில் முதலில் எடுத்துக்கொள்ளலாம். இடைவெளி பெரிதாக இருப்பது அங்கே. விலை குறைத்துக் காட்டும் சரக்குகள் எவை என்று எட்டு இலக்கக் குறியீடு வாரியாகத் தேடத் தொடங்க வேண்டியதும் அங்கேதான்.