புலி மட்டும் எக்ஸ்ட்ரா!

ரிசார்ட் விளம்பரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தின் இடது பாதியில் ஒரு புலி. வலது பாதியில் நீல நிற நீச்சல் குளம். குளத்தோரம் வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண்மணி பப்பாளித் துண்டை முள்கரண்டியில் குத்தியபடி புன்னகைக்கிறார். புன்னகை புலிக்கா, பப்பாளிக்கா என்று கண்டுபிடிக்க முடியாது.

கீழே கொட்டை எழுத்தில் 'காட்டின் மடியில் ராஜ வாழ்க்கை!' அதற்கும் கீழே எறும்பு படிக்கிற சைஸில் இன்னொரு வரி. 'விலங்குகள் தென்படுவதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

நண்பர் ஒருவர் இந்த விளம்பரத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, போனஸ் வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறார். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா சார்... காட்டையும் பார்த்துடலாம், பாத் டப்பையும் பார்த்துடலாம்!"

அவர் போக ஆசைப்படுவது கபினிக்கு. நமக்கெல்லாம் கபினி என்றால் ஆடி மாசத்துப் பேப்பரில் வருகிற சமாசாரம். 'கபினி அணை நிரம்பியது, விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு, மேட்டூருக்கு நீர்வரத்து அதிகரிப்பு.' வயநாட்டில் பிறந்து, மைசூர்ப் பக்கம் அணையில் தேங்கி, திருமகூடலில் காவிரியோடு சேர்கிற ஆறு. அந்த அணையின் முதுகுப்புறம் தேங்குகிற தண்ணீரை ஒட்டித்தான் நாகரஹொளே புலிகள் காப்பகம். ரிசார்ட்டுகள் வரிசை கட்டி நிற்பதும் இங்கேதான்.

விசேஷம் என்னவென்றால், டெல்டா விவசாயி தண்ணீர் இல்லையே என்று வயிறு எரிகிற மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் டூரிஸ்ட்டுக்குக் கண் குளிரும். அணையில் தண்ணீர் இறங்க இறங்க, கரையில் பச்சைப் புல் தலை நீட்டும். காட்டுக்குள் குட்டைகள் வற்றியிருக்கும். புல்லுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து யானைக் கூட்டங்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்துவிடும். குட்டி யானை தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுழற்றிக் கொண்டிருப்பதைப் பார்க்க ஒரு நாள் கேஷுவல் லீவ் தாராளமாகத் தகும்.

ஆனால் காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்காதே! கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நல்ல ரிசார்ட் என்றால் ஒரு ராத்திரிக்கு ஐந்து இலக்கம். மதியம் ஒரு மணிக்கு உள்ளே நுழைகிறீர்கள். சாப்பாடு. மூன்றரைக்கு ஜீப். திரும்பி வரும்போது இருட்டிவிடும். டீ, பஜ்ஜி, தீ மூட்டி உட்கார்தல், புலி பற்றி ஒரு சினிமா, ராத்திரிச் சாப்பாடு, தூக்கம். காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். ஆறரைக்கு மறுபடி ஜீப். ஒன்பதரைக்குத் திரும்பி, டிபன் சாப்பிட்டு, பதினொன்றுக்கு ரூமைக் காலி பண்ணிவிட வேண்டும்.

ஆக மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். ஜீப்பில் ஆறு, தூக்கத்தில் ஏழரை. பஜ்ஜியையும் சினிமாவையும் கழித்தால், கண் விழித்த நிலையில் அந்த ராஜ வாழ்க்கையை அனுபவிக்க அதிகபட்சம் மூன்று மணி நேரம். அதில் அரை மணி ஷவரில் வெந்நீர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதில் போய்விடும்.

நண்பரிடம் சொன்னேன். "தூங்கறது நல்ல பெட்ல தூங்கறோமில்ல?" என்றார். வாஸ்தவம்தான்.

காட்டையும் விருந்தையும் சேர்த்துக் கட்டுவது ஏதோ இந்தக் காலத்து ஐடியா என்று நினைக்காதீர்கள். இதே கபினிக் கரையில், காகனகோட்டே காட்டில், மைசூர் மகாராஜா காலத்தில் 'கெட்டா' நடக்கும். நூற்றுக்கணக்கான ஆட்கள் தப்பட்டை அடித்துத் தீப்பந்தம் காட்டி யானைக் கூட்டத்தை ஆற்றுப் பக்கம் விரட்டி, வளைத்து, மரவேலிக்குள் அடைப்பார்கள். வேடிக்கை பார்க்க வைஸ்ராய்களும் இளவரசர்களும் வருவார்கள். கூடாரம், விருந்து, யானை எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்! கடைசி கெட்டா 1971-ல். அந்த இடத்தை அப்புறம் அணைத் தண்ணீர் மூடிவிட்டது.

1980-ல் கர்நாடக அரசே 'ஜங்கிள் லாட்ஜஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தது. நேபாளத்து டைகர் டாப்ஸ்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து, மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகையை ஒட்டி விடுதி போட்டார்கள். ஜான் வேக்ஃபீல்டு என்கிற கர்னல் 2010-ல் காலமாகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு பைனாகுலரைத் தூக்கிய பழைய வேட்டைக்காரர்களில் ஒருவர். அந்த விடுதி வெற்றி பெற்றதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

சரி, ஜீப்புக்கு வருவோம்.

ஜீப்பில் எப்போதும் ஒரு முழநீள லென்ஸ்காரர் இருப்பார். மான் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இன்னொருவர், சிவப்புச் சட்டை, சென்ட். மூன்றாவது ஆள், "நேத்து வந்த பேட்ச் ரெண்டு புலி பார்த்தாங்களாமே?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டிரைவரைக் கேட்பவர். நேற்று வந்த பேட்ச் எப்போதும் இரண்டு புலி பார்த்திருக்கும். நாளைக்கு வருகிற பேட்ச்சுக்கு நீங்களும் பார்த்ததாகச் சொல்லப்படும்.

டிரைவர் திடீரென்று எஞ்சினை அணைப்பார். தூரத்தில் ஒரு புள்ளிமான் கத்தும். புள்ளிமான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, சும்மாவும் கத்தும். மர உச்சியில் மந்தி கத்தினால் விஷயம் கொஞ்சம் சீரியஸ். 'டொங்க்' என்று கடமான் குரல் கொடுத்தால், ஏறக்குறைய கையெழுத்துப் போட்ட மாதிரி. அங்கே புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது. அந்தப் பத்து நிமிஷம் ஜீப்பில் யாரும் மூச்சு விடுவதில்லை, சென்ட் உட்பட. புலி வராமலே போனாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே போகலாம். இந்த அனுபவத்துக்கும் பாத் டப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வேடிக்கையை ஒரு நிமிஷம் நிறுத்திக் கொள்கிறேன்.

நாகரஹொளேயில் காட்டுக்குள்ளேயே ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி விடுதி நடத்தக் கிளம்பியபோது, அங்கிருந்த பழங்குடி மக்கள் எதிர்த்து நின்றார்கள். தேன் எடுத்துப் பிழைத்த ஜேனு குருபர்களைக் காட்டை விட்டு வெளியே போகச் சொல்லி வந்த காலம் அது. நாங்கள் இருந்தால் காடு கெடும், மெத்தை போட்டால் கெடாதா என்பது அவர்கள் கேள்வி. 1997 ஜனவரியில் கர்நாடக ஹைகோர்ட், அந்தக் குத்தகை சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது.

நம் பக்கத்துக் கதை மசினகுடி. முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வருகிற நடைபாதை. ஒரு பெரிய யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ வரைக்கும் தீனி வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இலை காலியாகிவிடும். நடந்தே ஆக வேண்டும். அந்த வழியில்தான் ரிசார்ட்டுகள், மின்வேலி, ராத்திரியில் பளிச் லைட். வாசலில் மட்டும் பெரிய யானைச் சிலை!

2011-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் இது யானை வழித்தடம், காலி செய்யுங்கள் என்றது. ரிசார்ட்காரர்கள் டெல்லிக்குப் போனார்கள். 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் இருபதுக்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில், ஹைகோர்ட் சொன்னது சரிதான் என்று தீர்ப்பே வந்தது. மூன்றே மாதம். 2021 ஜனவரியில் அதே மசினகுடியில், ஒரு விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரிகிற டயரைத் தூக்கி எறிந்தார்கள். காதோடு ஒட்டிக்கொண்டு எரிய, அது பிளிறிக்கொண்டு இருட்டுக்குள் ஓடுகிற வீடியோவை நாடே பார்த்தது. ஏற்கெனவே முதுகில் புண்ணோடு திரிந்த யானை அது. பிழைக்கவில்லை.

கபினிப் பக்கம் கணக்கு வேறு மாதிரி. 2025 இலையுதிர் காலத்தில் காட்டோர விவசாயிகள் அடுத்தடுத்து புலி தாக்கி இறக்க, நவம்பரில் பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியை கர்நாடக அரசு நிறுத்தியது. ஜீப் ஓட்டும் வனத்துறை ஆட்களையும் புலி தேடும் வேலைக்குத் திருப்பினார்கள். ஜீப்பும் ரிசார்ட்டும் விலங்குகளைத் தொந்தரவு செய்ததால்தான் அவை வெளியே வருகின்றன என்பது கிராமத்துக்காரர்கள் வாதம். இல்லை, சஃபாரியை நம்பி நாங்கள் இருக்கிறோம் என்று டிரைவர்களும் கைடுகளும் சொன்னார்கள். இரண்டு பேரும் அதே ஊர்க்காரர்கள். யார் பக்கம் தலையாட்டுவது, சொல்லுங்கள்!

அதனால் போகாதே என்று நண்பரிடம் நான் சொல்லவில்லை. முதலில் சஃபாரி ஓடுகிறதா என்று கேள், அப்புறம் ரூமைப் போடு என்றுதான் சொன்னேன். கபினியில் வனத்துறையே தம்மனகட்டெயிலிருந்து வண்டி விட்டிருக்கிறது. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வேன். ரிசார்ட் ரேட்டோடு ஒப்பிட்டால் டிக்கெட் கொசுறு. ஊருக்குள் சுமாரான லாட்ஜில் படுத்து எழுந்து போனாலும் அதே கடமான், அதே 'டொங்க்'. பாத் டப்தான் வேண்டும் என்றால், காட்டை விட்டுத் தள்ளி, மைசூரிலேயே கிடைக்கிறது.

"அதெல்லாம் சரி சார், ரிசார்ட்லதான் தங்குவேன்னா என்ன கேட்டு புக் பண்றது?"

"நீச்சல் குளம் இருக்கான்னு கேக்காதீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த இடத்துல யானை எந்தப் பக்கமா போகும்னு கேளுங்க."

நண்பர் போன் பண்ணினார். ரிசப்ஷன் பெண் மானேஜருக்குக் கொடுத்தாள். மானேஜர் மார்க்கெட்டிங்குக்குக் கொடுத்தார். மார்க்கெட்டிங் ஆசாமி மும்பையில் இருந்தார். கடைசியில் யாரோ, "தோட்டத்துல தண்ணி ஊத்தற பெரியவருக்குத் தெரியும், அவரு இந்த ஊரு... ஆனா அவருகிட்ட போன் கிடையாது சார்" என்றார்களாம்.